பொருளியல் இதழுக்கு ஒரு கட்டுரை போகும் வழி

நம் மன்றத்தில் பொருளியல் பயில்வோர் பலர் இருக்க, புள்ளியியல் படிக்கும் என்னை இப் பொருளைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எளியது. நம் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறையில் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்யும் மதுரைக்கார அக்கா ஒருவரோடு சேர்ந்து சென்ற ஆண்டு ஒரு கட்டுரை எழுதினேன். கணக்கு என் பங்கு; பொருளியல் அவர் பங்கு. அக் கட்டுரை ஓர் இதழின் வாயிற்படியோடு திரும்பியது; இன்னோர் இதழின் உள்ளே புகுந்து, நடுவர்களின் கேள்விகளைச் சுமந்துகொண்டு மீண்டும் எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. வேற்றுத் துறையிலிருந்து பார்த்தவன் ஆகையால், பொருளியலார் இயல்பெனக் கருதி விளக்காமல் விட்டுவிடும் பல செய்திகள் எனக்குப் புதுமையாகப் பட்டன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேர்வுத் தாளைத் திருத்துபவர் கடைசி வரி வரையில் படித்தே ஆகவேண்டும். அது அவர் கடமை. நம் ஆய்வேட்டைப் பார்க்கும் பேராசிரியர் நம்மை அறிந்தவர். நாம் குழப்பி எழுதினாலும், "இவன் சொல்ல வந்தது இதுதான்" என்று ஊகித்துக்கொள்வார். இதழாசிரியருக்கு இந்த இரண்டு கட்டாயமும் இல்லை. நம் முகம் அவருக்குத் தெரியாது. நம் கட்டுரையோடு வேறு பல கட்டுரைகளும் அவர் முன் கிடக்கின்றன. கேள்வி என்ன, விடை என்ன, அந்த விடையை ஏன் நம்ப வேண்டும் என்ற மூன்றையும் அவர் முதல் இரண்டு பக்கங்களில் தேடுகிறார். அவை அங்கே கிடைக்காவிட்டால், பதினேழாம் பக்கத்தில் நாம் புதைத்து வைத்திருக்கும் புதையலை அவர் தோண்டி எடுக்க மாட்டார். இதழுக்கு அனுப்புவதற்கான ஆயத்தங்கள் அத்தனையும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவையே.

முதலில் கேள்வி. "இந்தியாவில் உள்நாட்டுக் குடிப்பெயர்ச்சி: ஓர் ஆய்வு" என்பது தலைப்பாகலாம், கேள்வியாகாது. நாங்களும் குடிப்பெயர்ச்சியைத்தான் எடுத்துக்கொண்டோம். ஊரை விட்டு வந்து இங்கே தமிழ் மன்றம் நடத்தும் நமக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்ற ஒன்றை 2017-ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. அதில் 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரையிலான சுற்றில் வேலை, கூலி ஆகியவற்றோடு குடிபெயர்ந்த விவரங்களையும் கேட்டிருக்கிறார்கள். தனி மனிதர் அளவிலான புள்ளிவிவரங்களைப் பெயர், முகவரி இன்றி யாரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். இது மாணவனுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம்.

ஆனால் அந்தச் செல்வத்தைத் திறந்தவுடன் முதற் சிக்கல் எழுந்தது. குடிபெயர்ந்தோர் என்றால் யார்? அக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 28.9 விழுக்காட்டினர் குடிபெயர்ந்தோர். ஆண்களில் 10.7 விழுக்காடு, பெண்களில் 47.9 விழுக்காடு! நம் நாட்டுப் பெண்கள் ஆண்களைவிட நாலு மடங்குக்கு மேல் ஊர் மாறுகிறார்களா என்று நான் மலைத்தேன். அக்கா சிரித்தார். "தம்பி, கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டுக்குப் போகிறதும் இதில் சேர்த்தி" என்றார். குடிபெயர்ந்த பெண்களில் 86.8 விழுக்காட்டினர் திருமணத்தால் இடம் மாறியவர்களே. ஆகவே "குடிபெயர்ந்தோரின் கூலி" என்று பொதுவாக எழுதியிருந்தால், கேள்வியே குழம்பிப் போயிருக்கும். பல நாள் பேசியபின், வேலை தேடி நகரத்திற்கு வந்த ஆண் தொழிலாளிக்கும் அதே நகரத்தில் பிறந்து வளர்ந்த தொழிலாளிக்கும் ஒரே வகை வேலையில் கூலி வேறுபடுகிறதா என்று சுருக்கினோம். சுருக்கச் சுருக்கத்தான் கேள்வி கூர்மை பெறுகிறது. என் அனுபவத்தில், கட்டுரை எழுதும் உழைப்பில் பாதி இதற்கே போய்விடுகிறது.

அடுத்து இதழைத் தேர்ந்தெடுத்தல். கட்டுரை எழுதி முடித்தபின் இதழைத் தேடுவது, சட்டை தைத்து முடித்தபின் உடம்பை அளப்பது போன்றது. நாம் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தவை என்று பாருங்கள். ஒரே இதழின் பெயர் மூன்று நான்கு முறை வந்தால் அதுவே நம் வீட்டு விலாசம். பிறகு அந்த இதழின் கடந்த ஈராண்டுப் பொருளடக்கத்தைப் புரட்டி, நம்மைப் போன்ற கேள்வி, நம்மைப் போன்ற முறை அங்கே இடம் பெறுகிறதா என்று காண வேண்டும்.

பொருளியலில் ஐந்து இதழ்களைச் சிகரம் என்கிறார்கள்: அமெரிக்கன் எகனாமிக் ரெவியூ, எகனாமெட்ரிகா, ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி, குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ், ரெவியூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ். இந்த ஐந்தின் வரலாற்றை டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013-இல் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். 1990-க்கும் 2012-க்கும் இடையில் வரும் கட்டுரைகள் ஏறக்குறைய இரு மடங்காயின. அச்சாகும் கட்டுரைகளோ 1970-களின் இறுதியில் ஆண்டுக்கு 400 ஆக இருந்தது 300 ஆகக் குறைந்தது. ஏற்கப்படும் விகிதம் 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டிற்கு இறங்கியது. கட்டுரைகளின் நீளமோ மூன்று மடங்கு! முதற் கட்டுரையை இங்கே அனுப்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அனுப்புகிறவர் இந்தக் கணக்கை அறிந்து அனுப்பட்டும்.

நம் நாட்டிலேயே நல்ல இதழ்கள் இருக்கின்றன. டெல்லிப் பொருளியல் பள்ளியிலிருந்து 1952 முதல் வரும் இந்தியன் எகனாமிக் ரெவியூ, இந்தியப் பொருளியல் சங்கத்தின் இந்தியன் எகனாமிக் ஜர்னல், தொழிலாளர் பொருளியலுக்கும் வேளாண் பொருளியலுக்கும் அந்தந்தச் சங்கங்கள் நடத்தும் இதழ்கள் ஆகியவை பெயர் பெற்றவை. சச்சின் சௌதுரி 1949-இல் எகனாமிக் வீக்லி என்று தொடங்கி, 1966-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்று மறுபிறப்பெடுத்த மும்பை வார இதழை நாம் எல்லோரும் நூலகத்தில் பார்த்திருக்கிறோம். அதன் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அட்டவணை, குறிப்புகள் எல்லாம் சேர்த்து 8,000 சொற்களே எல்லை. சமன்பாடுகளைக் காட்டிலும் வாதத்தை விரும்பும் இதழ் அது. கணித மாதிரியை வைத்து எழுதுகிறவருக்கு அது இடமன்று. நாட்டு நடப்பை எண்களால் விளக்குகிறவருக்கு அதைவிட நல்ல இடமில்லை.

இனிக் கட்டுரைக்குள் வருவோம். முதல் தாளில் தலைப்பு, சுருக்கம், திறவுச் சொற்கள் ஆகியவற்றோடு, ஜெ.இ.எல். குறியீடு என்று ஒன்று போட வேண்டும். இயற்பியலாரோ வேதியியலாரோ இதைக் கண்டிருக்க மாட்டார்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் ஜர்னல் ஆஃப் எகனாமிக் லிட்டரேச்சர் வகுத்த பகுப்பு முறை இது. ஆங்கில எழுத்து ஒன்று பெரும் பிரிவையும், அதன்பின் வரும் இரண்டு எண்கள் உட்பிரிவையும் குறிக்கும். ஜெ 31 என்றால் கூலி வேறுபாடு. ஜெ 61 என்றால் தொழிலாளர் இடப்பெயர்ச்சி. நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஒட்டும் எண்ணைப் போன்றதுதான். பல இதழ்களில் கட்டுரையை எந்த நடுவருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க இதுவும் உதவுகிறது. எனவே இரண்டு மூன்று குறியீடுகள் போதும். பெருமைக்காக எட்டுப் போட்டால், கட்டுரை தொடர்பில்லாத ஒருவர் கைக்குப் போய்ச் சேரும்.

சுருக்கம் உண்மையாகவே சுருக்கமாக இருக்க வேண்டும். அமெரிக்கன் எகனாமிக் ரெவியூ 100 சொற்களே தருகிறது, எகனாமெட்ரிகா 150. நூறு சொற்களில் நாட்டின் பெருமையையும் தலைப்பின் முக்கியத்துவத்தையும் பேச இடமேது?

முன்னுரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அறிவியல் கட்டுரையில் நாங்கள் முறையைச் சொல்லி, சோதனையைச் சொல்லி, பின்னரே முடிவைக் காட்டிப் பழகியவர்கள். பொருளியலில் முடிவு முன்னுரையிலேயே வந்துவிடுகிறது. எங்கள் முதற் படியில் நான் துப்பறியும் கதை போல விடையைக் கடைசிக்கு ஒளித்து வைத்திருந்தேன். அக்கா அதைப் பிடுங்கி முதல் பக்கத்தில் வைத்தார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கீத் ஹெட் முன்னுரைக்கு ஒரு வாய்பாடே வகுத்திருக்கிறார்: வாசகர் கவனத்தைப் பிடிக்கும் செய்தி, பின் கேள்வி, முன்னோர் செய்தவை, நாம் புதிதாகச் சேர்ப்பது, இறுதியில் கட்டுரையின் பகுதிகளுக்கு ஒரு வழிகாட்டி. இந்தக் கடைசி அங்கத்தை டெய்ட்ரா மக்ளாஸ்கி கண்டிக்கிறார். "இரண்டாம் பகுதி தரவைப் பேசுகிறது, மூன்றாம் பகுதி முறையைப் பேசுகிறது" என்ற பத்தியை வாசகர் எவரும் படிப்பதில்லை என்பது அவர் கட்சி. பெரியவர்கள் இருவர் மாறுபடும்போது சிறியவர்கள் என்ன செய்வது? நாங்கள் இரண்டு வரியில் வழிகாட்டி எழுதி, இருவரையும் திருப்தி செய்யப் பார்த்தோம்.

முன்னோர் செய்தவற்றைச் சொல்லும் பகுதியில் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியல் தருகிறார்கள். இன்னார் இந்த ஆண்டில் இதைக் கண்டார், அன்னார் அந்த ஆண்டில் அதைக் கண்டார் என்று முப்பது பெயர்கள். நூல்கள் பலவற்றைப் படித்தோம் என்று பேராசிரியருக்குக் காட்ட அது ஆய்வேட்டில் பயன்படலாம். இதழுக்கு வேண்டியது வேறு: நம் கேள்விக்கு மிக அருகில் வந்தவர்கள் நாலைந்து பேர் யார், அவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், அங்கிருந்து நாம் எவ்வளவு தூரம் சென்றோம்? ஓரடிதான் சென்றோம் என்றால் ஓரடி என்றே எழுதலாம். பெரிய இடைவெளியை நிரப்பிவிட்டதாக முரசறைவதைவிட அது மதிக்கப்படுகிறது.

அட்டவணைகளில் என் துறைக்கு வேலை மிகுதி. கணிப்பொறி 0.0834712 என்று துப்பினால் அதை அப்படியே ஒட்டக்கூடாது, 0.083 போதும். மாறிகளுக்கு நாம் நிரலில் வைத்த செல்லப் பெயர்கள் அட்டவணையில் தலைகாட்டக் கூடாது. ஒவ்வோர் எண்ணின் கீழும் அதன் திட்டப் பிழை அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். கட்டுரையைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கும் அது விளங்க வேண்டும். எண்களின் தோளில் நட்சத்திரங்களைக் குத்தி அழகு பார்ப்பது நம்மிடம் உள்ள பழக்கம். அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் இதழ்களோ நட்சத்திரமே வேண்டா, திட்டப் பிழையைத் தந்தால் போதும் என்கின்றன. நட்சத்திரம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவர், வேறுபாடு எவ்வளவு பெரியது என்று பார்ப்பதை மறந்துவிடுகிறார். புள்ளியியல் மாணவன் என்ற முறையில் இதை நான் இரு கை தட்டி வரவேற்கிறேன்.

கணக்கெடுப்புத் தரவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பெருக்கு எண் தரப்பட்டிருக்கும். அவர் மக்கள் தொகையில் எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்பதை அது சொல்லும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பு தரவோடு கூடவே வருகிறது. அதைப் படித்து, என்ன செய்தோம் என்பதைக் கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் தேர்ந்த நடுவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

நாம் செய்த கணக்கைப் பிறர் மீண்டும் செய்து பார்க்க முடிய வேண்டும் என்ற நெறி பொருளியலில் இப்போது வலுத்து வருகிறது. அதற்கு ஒரு கதை உண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் புகழ்பெற்ற பொருளியலார் இருவர், அரசின் கடன் நாட்டு வருமானத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி வெகுவாகக் குறைகிறது என்று 2010-இல் எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க அதைச் சான்று காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்; விடை வரவில்லை. கட்டுரையாளர்களிடமே எக்செல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் கட்டத்தில் ஐந்து நாடுகளின் வரிசை விடுபட்டிருந்தது! வேறு சில குறைகளையும் சேர்த்துத் திருத்தியபின், கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 விழுக்காடு அன்று, 2.2 விழுக்காடு என்று அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013-இல் காட்டினார்கள். முதற் கட்டுரையாளர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றில் தங்கள் வாதத்தை விடவில்லை. அமெரிக்கப் பொருளியல் சங்கம் இன்று தன் இதழ்களுக்கென ஒரு தரவு ஆசிரியரையே வைத்திருக்கிறது. ஏற்கப்பட்ட கட்டுரையின் தரவையும் நிரலையும் அவர் குழு சரிபார்த்த பிறகே கட்டுரை அச்சேறுகிறது. ஆகவே, முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் மூலத் தரவு, ஒரு கோப்பில் நிரல், எந்த நிரலை எந்த வரிசையில் ஓட்டுவது என்று ஒரு குறிப்பு என வைத்துக்கொள்ளுங்கள். ஈராண்டு கழித்து நடுவர் கேட்கும்போது நாமே நமக்கு அந்நியராகிவிடுவோம்.

இப்போது நம்மவர்க்கே உரிய ஒரு தொல்லை. கட்டுரையை ஏற்றும் இணையப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான் உண்டு. சு. முத்து என்பவர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதை இடுவார்? சு என்ற ஒற்றை எழுத்தை இட்டால் உலகம் அவரை "எஸ்" என்று மேற்கோள் காட்டும். அடுத்த கட்டுரையில் தகப்பன் பெயரை முழுதும் எழுதினால் அவர் வேறொருவர் ஆகிவிடுவார். எது வேண்டுமோ அதை முதற் கட்டுரைக்கு முன்பே தீர்மானித்து, வாழ்நாள் முழுதும் மாற்றாதிருப்பதே வழி. ஆர்சிட் என்ற பதினாறு இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாகப் பெற்று எல்லாக் கட்டுரைகளோடும் இணைத்துவிட்டால் பெயர்க் குழப்பம் பெருமளவு தீரும்.

பெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அறிவியலில் யார் மிகுதியாக உழைத்தாரோ அவர் பெயர் முதலில் வரும் என்பது பொது வழக்கு. பொருளியலிலோ குடும்பப் பெயரின் அகர வரிசைதான் பெரும்பாலும் வழக்கு. இதனால் விளைவு உண்டா என்று லிரான் ஐனாவ், லியாட் யாரிவ் என்ற இருவர் 2006-இல் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் முதன்மையான பொருளியல் துறைகளில், அகர வரிசையில் முந்திய பெயருடையோர்க்கு நிலையான பதவி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அகர வரிசையைப் பின்பற்றாத உளவியல் துறையில் அவ் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள தமிழர் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது நலம் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்!

அனுப்பும் நாளில் செய்ய வேண்டியவை சில. இரு பக்கமும் பெயர் மறைத்து மதிப்பிடும் இதழானால், கட்டுரைக் கோப்பில் நம் பெயர், துறை, நன்றியுரை எதுவும் இருக்கலாகாது. கோப்பின் பண்புகளில் கணிப்பொறி தானே எழுதி வைக்கும் பெயரையும் நீக்க வேண்டும். அமெரிக்கன் எகனாமிக் ரெவியூ 2011-இல் இம் முறையைக் கைவிட்டது. முன்வரைவுகள் இணையத்தில் உலவும் காலத்தில், தலைப்பைத் தேடினால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடுகிறதே! எனினும் நம் நாட்டு இதழ்கள் பலவற்றில் அது தொடர்கிறது. இதழாசிரியருக்கு எழுதும் கடிதம் அரைப் பக்கம் போதும். கேள்வி, முடிவு, வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி, இவ்வளவே. ஒரே காலத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்லுமாறு பல இதழ்கள் இப்போது கேட்கின்றன. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவதே நன்று.

பிறகு காத்திருத்தல். முதல் இதழ் எங்கள் கட்டுரையைப் பன்னிரண்டே நாளில் திருப்பியது. நடுவருக்கே போகவில்லை, "எம் இதழின் எல்லைக்குள் வரவில்லை" என்று மூன்று வரிகள். எனக்கு முகம் வாடிற்று. அக்காவோ, "ஏழு மாதம் வைத்திருந்து வேண்டாம் என்பதைவிடப் பன்னிரண்டு நாளில் சொன்னவர்கள் புண்ணியவான்கள், தம்பி" என்று அன்று மாலையே அடுத்த இதழின் விதிமுறைகளை எடுத்து வைத்துக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முன்னணிப் பொருளியல் இதழ்களில் கட்டுரை கொடுத்து இறுதி ஏற்பு வருவதற்கு ஆகும் காலம் முப்பது ஆண்டுகளில் வெகுவாக நீண்டுவிட்டது என்று கிளென் எலிசன் 2002-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். மறுப்பு வந்தோர் பட்டியலும் மதிப்புடையது. பழைய கார்ச் சந்தையை உவமையாக்கி, வாங்குபவருக்குத் தெரியாததை விற்பவர் அறிந்திருந்தால் சந்தை எப்படிக் கெடும் என்று விளக்கிய ஜார்ஜ் ஏக்கர்லாஃபின் கட்டுரையை மூன்று இதழ்கள் தள்ளின. அற்பமான பொருள் என்றார்கள் சிலர். இது உண்மையானால் பொருளியலே மாறிவிடுமே என்றார் ஒருவர். நான்காம் இதழ் 1970-இல் வெளியிட்டது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் கட்டுரை திரும்பி வந்ததனால் நாமும் ஏக்கர்லாஃப் என்று கொள்ள வேண்டியதில்லை. திரும்பி வருவதால் கட்டுரை செத்துவிடவில்லை என்று கொண்டால் போதும்.

இரண்டாம் இதழிலிருந்து ஏழு மாதம் கழித்து நடுவர் இருவரின் அறிக்கை வந்தது. "திருத்தி மீண்டும் அனுப்புக" என்று தீர்ப்பு. இதைப் படித்து நான் வருந்தினேன். அக்கா இனிப்பு வாங்கி வந்தார்! பொருளியலில் இது நல்ல செய்தி. முதல் நடுவரின் கேள்வி கூரியது: "ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் ஊரிலேயே தங்குகிறவர்களைப் போன்றவர்கள் தாமா? துணிவும் திறமையும் மிக்கவர்களே கிளம்புகிறார்கள் என்றால், நீங்கள் காணும் கூலி வேறுபாடு இடப்பெயர்ச்சியின் விளைவா, ஆளின் விளைவா?" ஆண்ட்ரூ ராய் 1951-இல் எழுப்பிய பழைய கேள்வி இது. இரண்டாமவர், 2020-21 பெருந்தொற்றுக் காலமாயிற்றே, பல தொழிலாளர்கள் ஊர் திரும்பியிருந்த ஆண்டை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று கேட்டார். இரண்டு பேரும் ஊதியம் பெறாமல், பெயரும் வெளிவராமல் எங்கள் இருபத்தெட்டுப் பக்கங்களை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். என் வாழ்நாளில் என் எழுத்தை அவ்வளவு கவனமாக வேறு யாரும் படித்ததில்லை.

மறுமொழி எழுதுவதற்கு ஒரு மரபு உண்டு. நடுவரின் ஒவ்வொரு கருத்தையும் அவர் சொற்களிலேயே எடுத்து எழுதி, அதன் கீழ் நாம் என்ன செய்தோம், எந்தப் பக்கத்தில் மாற்றினோம் என்று விடை தர வேண்டும். ஒன்றையும் விழுங்கிவிடலாகாது. முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லலாம். பெருந்தொற்று ஆண்டைப் பற்றிய கேள்விக்கு எங்களால் முழு விடை தர இயலாது. குடிபெயர்ந்த விவரம் அந்த ஒரு சுற்றில்தானே விரிவாகக் கேட்கப்பட்டது! ஆகவே எங்கள் முடிவு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நிற்கும் என்பதை ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுதி, கட்டுரைத் தலைப்பிலும் அந்த ஆண்டைச் சேர்த்துவிட்டோம்.

கடைசியாக, நம் விடுதிகளில் நடப்பதை மறைக்காமல் எழுத வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கட்டுரையை எம் உலகப் புகழ் பெற்ற இதழுக்கு அனுப்புக, மூன்று நாளில் வெளியீடு" என்று நம் எல்லோருக்கும் மின்னஞ்சல் வருகிறது. என் விடுதி நண்பர் ஒருவர் 4,500 ரூபாய் கட்டி இப்படி ஒரு கட்டுரை வெளியிட்டார். நடுவரின் அறிக்கை என்று ஒரு வரிகூட அவருக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு அந்த இணையதளமே இல்லை. ஓராண்டு உழைப்பு அதோடு போயிற்று. முன்பே வெளியானது என்பதால் வேறு நல்ல இதழுக்கும் அதை அனுப்ப வழியில்லை. பணத்தைவிடப் பெரிய இழப்பு அது.

கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்கன் எகனாமிக் ரெவியூ போன்ற பேர் பெற்ற பொருளியல் இதழ்களே கட்டுரையைப் பரிசீலிக்கக் கட்டணம் வாங்குகின்றன. எல்லோரும் படிக்கத் திறந்துவிடும் இதழ்கள் சில, ஏற்றபின் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன. போலியின் அடையாளம் கட்டணம் அன்று, அவசரம். படிக்காமலே ஏற்கும் இதழ், ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரைப் போடும் இதழ், பொருளியலையும் பல் மருத்துவத்தையும் பொறியியலையும் ஒரே இதழில் அச்சிடும் இதழ், நல்ல இதழின் பெயரையே திருடி வேறு முகவரியில் தளம் நடத்தும் இதழ், இவை போலிகள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் கேர் என்ற புதிய பட்டியலை 2019-இல் கொண்டு வந்தது. அதையும் 2025-இல் கைவிட்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடமே விட்டுவிட்டது. முனைவர் பட்டத்திற்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தையும் மானியக் குழு 2022-இன் விதிகளில் எடுத்துவிட்டது. சில துறைகள் தாமாகவே அதை இன்னும் கேட்கின்றன. உங்கள் துறை கேட்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் பணப்பையைத் தொடுங்கள். இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு பேராசிரியரைப் பொறுக்கி, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இப்போது எங்கள் திருத்திய படி முடியும் தறுவாயில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் முதல் இரண்டு பக்கங்களைப் பொருளியலும் புள்ளியியலும் அறியாத ஒருவர் படித்து, கேள்வியும் விடையும் என்னவென்று திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. தாவரவியல் படிக்கும் நம் மன்றச் செயலாளர் அகப்பட்டிருக்கிறார். உங்களிடமும் கட்டுரை இருந்தால், ஞாயிறு மெஸ் சாப்பாட்டிற்குப் பின் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டு மன்ற அறைக்கு வாருங்கள், மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.